ஈரக் கழிவு

மழை நாளில்
கொழுந்துச் சாக்குக்கு மூன்று கிலோ கழிப்பார்கள்.
இலையில் நிற்கிற தண்ணீருக்குக் கூலி இல்லை.
ஆறு வருஷமாய் எனக்குத் தெரிந்த கணக்கு.
பாலுக்கு என்ன கணக்கு என்பதுதான்
தெரியாமல் இருந்தது.

மிதுர்ஷாவுக்கு மூன்று மாசமும் ஒன்பது நாளும்.
லீவு முடிந்து மலைக்குத் திரும்பியதிலிருந்து
மார்பு முன்போல் இறுகுவதில்லை.
விடியலில் அமுக்கிப் பார்க்கிறேன்,
பழைய தலையணை மாதிரி இருக்கிறது.
பீச்சிப் பார்த்தேன்:
இருமல் மருந்து மூடிக்கு முக்கால் மூடி.

அந்தியில் அவள் அழுகிறாள்.
குடிக்கிறாள், விடுகிறாள், அழுகிறாள்.
லயத்தில் பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே தகரம்.
என் பால் வற்றிய கதை
தகரத்தின் மேலேயே நடந்து
கடைசி வீடு வரைக்கும் போய்விட்டது.

"பூண்டைச் சுட்டுத் தின்னு" என்றாள்
நாத்தனார் ரஞ்சிதமலர்.
"பால்சுறாக் கருவாடுதான் சரி" என்றாள்
செபமாலை அக்கா.
மஸ்கெலியா டவுனில் அது விற்கிற விலைக்கு
சுறாவே வந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம்.

கொழும்பிலிருந்து போனில் அவர்:
"மாப் பெட்டி ஒண்ணு வாங்கிக் கரைச்சிக் குடேன்.
கடையில கடன் சொல்லு."
இரக்கத்தில்தான் சொன்னார்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
நானும் அப்படியே கவிழ்ந்து கிடந்தேன்.

பிள்ளைக் காம்பராவுக்குப்
பத்து மணிக்கு ஒருதரம், மத்தியானம் ஒருதரம்.
ஏழாம் நம்பர் மலையிலிருந்து இறங்கி ஓடப்
பதினைந்து நிமிஷம்; திரும்பி ஏற இருபது.
இரைக்கிற மார்பில் வாய் வைக்கிறாள்.
எனக்கு முதலில் மூச்சா
அவளுக்கு முதலில் பாலா என்று
தினமும் ஒரு சின்னத் தகராறு.

வியாழக்கிழமை கிளினிக்.
நந்தாவதி மிஸ்
தொங்கு தராசில் பிள்ளையைத் தொங்கவிட்டாள்.
கொழுந்துத் தராசைப் பார்க்கிற அதே கண்ணால்
முள்ளைப் பார்த்தேன்.
கழித்துவிடுவாளோ என்று
சட்டை, தொப்பி, இடுப்புக் கயிறு வரை
முன்னமே அவிழ்த்திருந்தேன்.

அட்டையில் புள்ளி பச்சைக்குள்தான் விழுந்தது,
போன மாசத்தை விடக் கொஞ்சம் தாழ்வாய்.
அதையும் மறைக்காமல் விரல் வைத்துக் காட்டினாள்.
பிறகு, தன் தமிழை ஒவ்வொரு சொல்லாய்த் தேடியெடுத்து:

"பீச்சி அளக்க வேணாம்.
கை எடுக்கிறது வேற, புள்ள எடுக்கிறது வேற.
மார்பு மெத்துனு ஆனா பால் போச்சி இல்ல.
ஈரத் துணி எண்ணுங்க.
நாளைக்கு ஆறு.
ரெண்டு கிழமையில திரும்ப வாங்க, நிறுப்போம்."

ஈரத்தையா?
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவளுக்கு ஏனென்று புரியவில்லை,
தானும் சிரித்து வைத்தாள்.

நேற்றுப் பின்னேரம் கீழ்ரோட்டில்
பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒருத்தியின் பிள்ளை அழுதது.
என் பிள்ளை இல்லை; குரல்கூட வேறு.
என்றாலும் இரண்டு பக்கமும் சுருக்கென்று இழுத்து,
ஜாக்கெட் நனைந்து,
இடுப்பில் கட்டிய படங்குவரை வழிந்தது.
ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு
மறு கையால் கிள்ளினேன்.
இருக்கிறதே, என்றேன் தேயிலைச் செடியிடம்.
இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய்,
அதுவும் ஊரார் பிள்ளைக்கு?

நிறுக்கும்போது வானம் வெளுத்துக் கிடந்தது.
பழக்கத்தில் மூன்று கிலோ கழித்தார் கணக்குப்பிள்ளை.
"மழையே பேயலையே, ஐயா!"
"சாக்கு நனைஞ்சிருக்கு."
மற்ற நாளென்றால் விட்டிருக்க மாட்டேன்.
நேற்று வாய் திறக்கவில்லை.
காரணத்தை அவரிடம் சொல்லவா முடியும்?

இப்போது மணி பதினொன்று.
பிள்ளைக் காம்பராவிலிருந்து பையில் வந்தது மூன்று.
வீட்டில் இரண்டு.
அலசி, அடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டிருக்கிறேன்.
கடைசித் துணி இன்னும் ஆவி விடுகிறது.
வெளியே பனி இறங்கித் தகரத்தில் சொட்டுகிறது.

மிதுர்ஷா தூக்கத்தில் முகம் சுளிக்கிறாள்.
மெல்லக் கையை அடியில் விட்டுப் பார்க்கிறேன்.
இன்னும் இல்லை.

திரும்பிப் படுத்து
மறுபக்கம் கொடுக்கிறேன்.